பின்குறிப்பில் வந்த அண்ணன்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 26. நான் வேலை பார்க்கும் நாட்டில் வயது வந்தவர்கள் கஞ்சா வாங்குவதும் புகைப்பதும் சட்டப்படி குற்றமில்லை. நானும் என் அறைத்தோழனும் வரும் விடுமுறையில் ஒரே ஒரு முறை புகைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். இருவருமே சிகரெட்கூடத் தொட்டதில்லை. உரிமம் உள்ள கடையில் அவன் ஒரு சின்ன டப்பா கஞ்சாப் பூ வாங்கி வைத்திருக்கிறான். மேலே 22 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எவ்வளவு புகைப்பது, எப்படி இழுப்பது, அதிகம் ஏறிவிட்டால் என்ன செய்வது, ஒரு தடவையிலேயே பழகிவிடுமா? இணையத்தில் தேடினால் ஒருவர் அமிர்தம் என்கிறார், அடுத்தவர் விஷம் என்கிறார். பட்டென்று சொல்லுங்கள்.

பின்குறிப்பு: என் அண்ணனுக்கு 22 வயதில் மனநோய் வந்தது. காதில் யாரோ பேசுவதாகச் சொல்வான். இப்போது மாத்திரையில் நன்றாக இருக்கிறான். அவனுக்குக் கஞ்சாப் பழக்கம் எதுவும் இருந்ததில்லை, அதனால் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்: நண்பருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை அடியிலிருந்துதான் படிக்கப் போகிறேன். இது மனநல மருத்துவர்களின் பழக்கதோஷம். அரை மணி நேரம் தூக்கம் வரவில்லை, பசியில்லை என்று பேசிவிட்டு, எழுந்து கதவில் கை வைத்த பிறகு "அப்புறம் டாக்டர், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பார்கள். வந்த காரியமே அதுவாக இருக்கும். உங்கள் பின்குறிப்பும் அந்த ரகம்தான்.

அந்தப் பின்குறிப்பால், ஒரே கடிதத்துக்கு இரண்டு பதில் எழுத வேண்டியதாகிவிட்டது. ஒன்று உங்களுக்கு, இன்னொன்று உங்கள் அறைத்தோழருக்கு.

உங்களுக்கு: வேண்டாம்.

பட்டென்று சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிட்டேன். இனி காரணம். அண்ணனின் நோய்க்கு மருத்துவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 22 வயது, காதில் குரல், தொடர்ந்து மாத்திரை என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது மனச்சிதைவாக இருக்கலாம், அல்லது அதற்குப் பக்கத்து வீட்டு நோயாக இருக்கலாம். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரக்கூடிய மனச்சிதைவு, உடன்பிறந்த ஒருவருக்கு இருந்தால் நூறில் ஒன்பது பேர் என்ற அளவுக்கு ஏறுகிறது. நூறில் 91 பேருக்கு வராது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். ஆனால் இந்த நோய் ஆண்களிடம் தலைகாட்டுவது பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலிருந்து முப்பதை எட்டுவதற்குள். உங்களுக்கு 26. அந்தப் பாலத்தை நீங்கள் இன்னும் முழுக்கக் கடக்கவில்லை.

அண்ணன் கஞ்சா தொட்டதில்லை, ஆகவே சம்பந்தமில்லை என்கிறீர்கள். நான் அதைத் தலைகீழாகப் படிக்கிறேன். கஞ்சாவின் உதவியே இல்லாமல் அந்த நோய் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அப்படியென்றால் வாசல் ஏற்கனவே கொஞ்சம் திறந்துதான் இருக்கிறது. அந்த வாசலில் நின்று கதவை ஆட்டிப் பார்க்காதீர்கள் என்பதுதான் என் கவலை.

சுவீடனில் ராணுவப் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1987இல் முடிவை வெளியிட்டார்கள். சேரும்போதே ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களிடம் மனச்சிதைவு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. ஐரோப்பிய நகரங்களையும் பிரேசிலையும் சேர்த்து 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றது. வீரியம் கூடியது என்று அவர்கள் கோடு போட்டது 10 சதவீதத்தில். உங்கள் டப்பாவில் 22.

இவையெல்லாம் பல தடவை, தினமும் புகைத்தவர்கள் கதை, நான் ஒரே தடவைதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரே ஓர் இழுப்பு உங்களுக்கு மனநோயைக் கொண்டுவந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். அப்படி நடப்பதற்கான வாய்ப்பு குறைவுதான். கஞ்சாதான் நோயைக் கொண்டுவருகிறதா, நோய்க்கு வாய்ப்பு உள்ளவர்களே கஞ்சாவை நாடுகிறார்களா என்று எங்கள் துறைக்குள்ளேயே இன்னும் வாதம் ஓடுகிறது. ஆனால் மனநோய் இல்லாதவர்களுக்கே ஆய்வுக்கூடத்தில் கஞ்சாவின் வேதிப்பொருளை ஊசியில் ஏற்றியபோது, சிலருக்குச் சந்தேகமும் விபரீத எண்ணங்களும் கொஞ்ச நேரம் தோன்றி மறைந்தன. அவர்களுக்கு மறைந்தது. மறையாமல் தங்கிவிட்ட சிலரை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய வழக்கு ஏட்டைப் புரட்டினால் குடும்பத்தில் யாரோ ஒரு அண்ணனோ அத்தையோ அடிக்கடி வருவார்கள். உங்களுக்குப் பாதுகாப்பான அளவு இவ்வளவு என்று சீட்டில் எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. எழுத முடியாத மருந்தை நான் கொடுப்பதில்லை.

சரி, இப்போது உங்கள் தோழர். அவர் எப்படியும் புகைக்கத்தான் போகிறார் என்று கடிதத்தின் தொனியே சொல்கிறது. சட்டம் அனுமதிக்கிறது, வயது வந்தவர். அவரிடம் போய் உபதேசம் செய்வதைவிட, தெரிந்ததைச் சொல்லிவிடுவது மேல். அதற்கு முன்னால் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது: அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது இப்படிப்பட்ட மனநோயோ, மனநிலை உச்சிக்கும் பள்ளத்துக்கும் மாறி மாறிப் போகும் இருதுருவ நோயோ இருந்திருக்கிறதா? அவருக்கு இதயக் கோளாறு, அடிக்கடி வரும் ஆஸ்துமா, பீதித் தாக்குதல் உண்டா? தொடர்ந்து ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்பு மாத்திரைகள் சில, தூக்க மாத்திரை ஆகியவற்றோடு இது மோதும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்தப் பக்கமே வர வேண்டாம். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடமும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், மூளை வளர்ந்து முடிகிற வயது அது. இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு "ஆமாம்" என்று வந்தால், அவருக்கும் மேலே சொன்ன பதில்தான்.

எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றால், அந்த டப்பாவைக் கையில் எடுங்கள்.

22 சதவீதம் என்று போட்டிருப்பது டி.எச்.சி. என்ற பொருளின் அளவு. போதை ஏற்றுவது அதுதான். இஸ்ரேல் வேதியியலாளர்கள் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் 1964இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து இன்னதென்று காட்டினார்கள். மூளையில் அது போய் உட்காரும் இடத்தை 1988இல் கண்டுபிடித்தார்கள். நம் மூளையே அந்த இடத்துக்கென ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது 1992இல் தெரிந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஆனந்தமைடு. நம்ம ஆனந்தம்தான். உடம்பு சிட்டிகை சிட்டிகையாகச் சுரந்து உடனே துடைத்துவிடும் ஆனந்தத்தை, இந்தப் பூ வெளியிலிருந்து படிக்கணக்கில் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்காரருக்கு வரும் சிக்கல் எல்லாமே அந்தப் படிக்கணக்கில்தான் இருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். ஒரு ஜாயின்டில் சராசரியாக 0.3 கிராம் பூ சுருட்டுவார்கள். அதில் 22 சதவீதம் என்றால் 66 மில்லிகிராம் டி.எச்.சி. அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021இல் ஆய்வுகளுக்கு ஒரு பொது அலகு வைத்தது: 5 மில்லிகிராம். அந்த ஒரு சுருளில் பதின்மூன்று அலகு இருக்கிறது. எரிந்து போவது, காற்றில் கலப்பது எல்லாம் போக, உடம்பில் சேர்வது 10 முதல் 35 சதவீதம் என்பார்கள். அந்தச் சேர்மானமே முதல் தடவைக்காரருக்குத் தாராளம். அமெரிக்காவில் 1995இல் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. சராசரி 4 சதவீதம். 2021இல் 15ஐத் தாண்டியது. ஆகவே "நாங்க அந்தக் காலத்துல முழுசா ஒண்ணு அடிச்சோம், ஒண்ணும் ஆகல" என்று யாராவது பெரியவர் சொன்னால், அவர் சொல்வது வேறு செடி.

எனக்குக் கேட்டால், முதல் தடவைக்கு 22 சதவீதமே கூடாது. 10க்குக் கீழே உள்ளதை வாங்கியிருக்க வேண்டும். சி.பி.டி. என்ற இன்னொரு பொருளும் டப்பாவில் எழுதியிருக்கும். அது இருந்தால் பயமில்லை, சமன் செய்துவிடும் என்று கடைக்காரர் சொல்வார். அந்த நம்பிக்கையில் அளவைக் கூட்ட வேண்டாம், சேர்த்துக் கொடுத்துச் செய்த ஆய்வில் அப்படிப் பெரிய பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. கஞ்சாவில் இண்டிகா ரகம் என்றால் தூக்கம், சட்டீவா ரகம் என்றால் உற்சாகம் என்ற பேச்சையும் நான் காதில் வாங்குவதில்லை. லேபிளில் உள்ள அந்தப் பெயருக்கும் உள்ளே இருக்கும் வேதியியலுக்கும் பொருத்தம் குறைவு. நம்ப வேண்டியது எண்ணை மட்டும்.

டப்பாவைத் திறந்தால் பிசுபிசுப்பான சின்ன மொட்டுகள் இருக்கும். மேலே சர்க்கரை தூவியதுபோல் மினுங்குவது பிசின் சுரக்கும் நுண்முடிகள், சரக்கெல்லாம் அதில்தான். மினுக்கம் வேறு, பூஞ்சை வேறு. சாம்பல் நிறத்தில் மாவு படிந்தாற்போலவோ பஞ்சுபோலவோ இருந்து, நனைந்த வைக்கோல் வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அந்தப் பூஞ்சை நுரையீரலில் போய் உட்காரும். பச்சையாக மென்றால் போதை ஏறாது, சூடுபட்டால்தான் அதிலுள்ள அமில வடிவம் டி.எச்.சி.யாக மாறும். அதனால்தான் புகைக்கிறார்கள்.

புகையிலை கலக்கக் கூடாது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன். சுருள் நன்றாக எரியும், சரக்கு மிச்சமாகும் என்று பாதிக்குப் பாதி புகையிலை சேர்ப்பவர்கள் நிறைய. சிகரெட்டே தொடாத ஒருவருக்கு அந்த நிக்கோட்டின் தரும் கிறுகிறுப்பும் குமட்டலும் போதும் படுக்கப்போட. பழி கஞ்சா மேல் விழும். அதைவிட மோசம், கஞ்சாவைச் சோதிக்கப் போனவர் சிகரெட்டுக்கு அடிமையாகித் திரும்புவது. அப்படி வந்தவர்களை எண்ணி மாளாது.

சுருட்டத் தெரியாத இரண்டு பேர் முழு ஜாயின்ட் சுருட்டி என்ன ஆகப்போகிறது? ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் போதும். பட்டாணி அளவில் கால்வாசிப் பூவை விரலால் பிய்த்து அதில் வைத்தால், அதற்கு மேல் உள்ளே போக வழியே இல்லை. தீயை ஓரமாகக் காட்டி, காற்றோடு சேர்த்து மெதுவாக, இரண்டு விநாடி இழுப்பு. உடனே வெளியே விட வேண்டும். நெஞ்சில் அடக்கி வைத்தால் நன்றாக ஏறும் என்பது பரவலான மூடநம்பிக்கை. டி.எச்.சி. முதல் சில விநாடிகளிலேயே ரத்தத்தில் ஏறிவிடுகிறது. அடக்கி வைப்பதால் கூடுவது தாரும் கார்பன் மோனாக்சைடும். 1988இல் வந்த ஓர் ஆய்வு, கஞ்சாவையும் சிகரெட்டையும் புகைப்பவர்களை ஒப்பிட்டுப் பார்த்தது. பெரிதாக, ஆழமாக இழுத்துப் புகையை நீண்ட நேரம் அடக்கும் பழக்கத்தோடு புகைக்கும் கஞ்சாவில் நுரையீரலுக்குள் மூன்று மடங்கு தார் போனது, ரத்தத்தில் ஐந்து மடங்கு கார்பன் மோனாக்சைடு ஏறியது. இருமல் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. "இருமினாத்தான் ஏறும்" என்று தோளைத் தட்டுபவர்களை மட்டும் நம்ப வேண்டாம்.

ஓர் இழுப்பு. அதோடு குழாயைக் கீழே வைக்க வேண்டும். கீழே என்றால் மேசையில், கைக்கு எட்டாத இடத்தில். கடிகாரம் பார்த்து இருபது நிமிடம்.

இந்த இருபது நிமிடத்தில்தான் முதல் தடவைக்காரர்களின் தலையெழுத்து முடிவாகிறது. புகை ஓரிரு நிமிடத்தில் தலைக்கு ஏறத் தொடங்கினாலும், உச்சத்துக்குப் போகப் பத்திலிருந்து முப்பது நிமிடம் ஆகும். ஐந்தாவது நிமிடத்தில் "ஒண்ணும் தெரியலையே" என்று இரண்டாவது, எட்டாவது நிமிடத்தில் மூன்றாவது. பதினைந்தாவது நிமிடத்தில் மூன்றும் சேர்ந்து வந்து நிற்கும். நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து கைமாற்றிக் கைமாற்றிப் புகைக்கும்போது, அந்தச் சுருள் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. மறுத்தால் மானப் பிரச்சினை. அளவு என்பதே அங்கே செத்துவிடும். அதனால்தான் முதல் தடவை கூட்டத்தோடு வேண்டாம், இரண்டு பேர் போதும் என்கிறேன். எச்சில் பட்ட முனை வழியாகச் சளியும் காய்ச்சலும் கைமாறுவது கூடுதல் இனாம்.

சரியான அளவில் ஏறினால் என்ன ஆகும்? வாய் வறளும், கண் சிவக்கும், பசிக்கும், சாதாரண விஷயத்துக்குச் சிரிப்பு வரும். பாட்டுக் கேட்டால் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழுவதுபோல் இருக்கும். ஐந்து நிமிடம் அரை மணி நேரமாகத் தெரியும். பேசிக்கொண்டே இருக்கும்போது, என்ன சொல்ல வந்தோம் என்பது நடுவாக்கியத்தில் நழுவிப்போகும். உடனடி ஞாபகத்தைப் பிடித்து வைக்கும் மூளைப் பகுதியில் டி.எச்.சி. உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். நாடி நிமிடத்துக்கு 20 முதல் 50 துடிப்பு வரை கூடலாம். பட்டென்று எழுந்து நின்றால் கண் இருட்டும், ரத்த அழுத்தம் இறங்குவதால். இவை இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் இறங்கும். சிலருக்கு முதல் தடவை ஒன்றுமே தெரிவதில்லை. அதற்காக அன்றைக்கே ஈடுகட்டக் கிளம்பக் கூடாது.

அளவு மீறினால்? பயிற்சிக் காலத்தில் அவசரப் பிரிவில் எனக்கு இரவுப் பணி. ஒரு பையனை இரண்டு நண்பர்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்து, உதடு ஒட்டிப்போய், என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், ஹார்ட் நிக்கப் போகுது, எனக்குத் தெரியுது" என்றான். நாடி 132. இதய வரைபடம் எடுத்தோம், வேகத்தைத் தவிரக் கோளாறு இல்லை. நண்பர்கள் வாயே திறக்கவில்லை. போலீசுக்குச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் மூன்று ஜாயின்ட், நடுவே பீர் என்ற கதை வந்தது. நான் செய்த வைத்தியம் என்னவென்று நினைக்கிறீர்கள்? விளக்கைக் குறைத்து, ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவன் நாடியை அவனையே எண்ண வைத்தேன். 132, 124, 118. எண் இறங்குவதை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லப் பயமும் இறங்கியது. இரண்டரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "சார், சாப்பிட ஏதாவது கிடைக்குமா?" என்றான்.

கஞ்சாவால் மட்டும் மூச்சு நின்று பெரியவர் ஒருவர் சாவது என்பது, ஹெராயின் போன்றவற்றில் நடப்பதுபோல் நடப்பதில்லை. மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் டி.எச்.சி. உட்காரும் இடங்கள் மிகக் குறைவு. பயத்தில் துடிப்பவரிடம் இதைச் சொல்லலாம், உண்மைதான். மிளகை மென்றால் இறங்கும் என்று ஒரு கைவைத்தியம் உலவுகிறது. நிரூபணம் இல்லை, கெடுதலும் இல்லை, வாய்க்கு ஒரு வேலை. ஆனால் நெஞ்சு வலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், நிற்காத வாந்தி, இல்லாத குரல் கேட்பது, தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிதான். புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு ஐந்து மடங்கை நெருங்குகிறது என்று 2001இல் ஓர் ஆய்வு சொன்னது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு நெஞ்சு வலி வந்தால் "வெறும் பயம்" என்று உட்கார வைத்துவிடக் கூடாது. வாந்தி எடுப்பவரை மல்லாக்கப் படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். டாக்டரிடம் என்ன, எவ்வளவு, எப்போது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்றைக்கு மது கிடையாது. முன்னால் குடித்தால் டி.எச்.சி. ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது, அந்தப் பையனின் பீர் செய்த வேலை அது. வண்டியும் கிடையாது. ஆறு மணி நேரமாவது ஆக வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன, நான் மறுநாள் காலை வரை சாவியைத் தொட விடமாட்டேன். கஞ்சா கலந்த பிஸ்கட், மிட்டாய் வகைகள் முதல் தடவைக்கு வேண்டவே வேண்டாம். ஏற இரண்டு மணி நேரம்கூட ஆகும், கல்லீரலில் இன்னும் வலுவான வடிவமாக மாறும், பாதி நாள் இறங்காது. மிச்சம் இருக்கும் பூவைப் பூட்டி வையுங்கள். குழந்தைகளும் நாய்களும் விழுங்கிவிட்டு அவசரப் பிரிவுக்கு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. தோழரின் வேலையில் சிறுநீர்ப் பரிசோதனை உண்டென்றால், ஒரு தடவை புகைத்ததே மூன்று நான்கு நாள் காட்டிக்கொடுக்கும். தினமும் புகைப்பவருக்கு ஒரு மாதமும் தாண்டும். எல்லை தாண்டும் பயணத்தில் ஒரு துணுக்குகூடப் பையில் இருக்கக் கூடாது. ஒரு நாட்டில் கடைச்சரக்கு, அடுத்த நாட்டில் சிறை.

ஒரு தடவையிலேயே பழகிவிடுமா என்றால், இல்லை. புகைத்துப் பார்ப்பவர்களில் நூறுக்கு ஒன்பது பேர் வாழ்க்கையில் ஒரு கட்டத்தில் அதற்கு அடிமையாகிறார்கள் என்பது பழைய, இன்றும் எடுத்தாளப்படும் கணக்கு. பதின்வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர். என் அனுபவத்தில் அந்த ஒன்பது பேர் யார் என்று முதல் தடவையிலேயே தெரியாது, மூன்றாவது நான்காவது தடவையில் தெரியும். நண்பர்களோடு சிரிக்கப் புகைப்பவர் அநேகமாகத் தப்பிவிடுகிறார். தூக்கம் வருவதற்காக, தனியாக, வேலை முடிந்த களைப்புக்காக என்று காரணம் மாறும்போது நான் நிமிர்ந்து உட்காருவேன். தினசரிப் புகைத்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, விசித்திரக் கனவுகள் தொடங்கும். முதல் வாரம் உச்சம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். பல வருடம் புகைத்தவர்களில் சிலருக்கு விடாத வாந்தி வரும், சுடுதண்ணீரில் குளிக்கும்போது கொஞ்சம் அடங்கும். 2004இல்தான் இது ஒரு தனி நோய் என்று எழுதினார்கள். அதற்கு முன் அவர்களுக்கு எத்தனை தடவை வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்திருப்போமோ.

மறுபடி உங்களிடம் வருகிறேன். விடுமுறை அன்று அறையை விட்டு ஓடிவிடச் சொல்லவில்லை. ஆனால் புகை நெருக்கமாக அடைந்த அறையில் கூடவே உட்காராதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். முதல் தடவை புகைப்பவருக்குப் பக்கத்தில் தெளிந்த தலையோடு ஒருவர் வேண்டும். அந்த வேலை உங்களுக்கு. "நான் மாத்திரையில் இருக்கிறேன்" என்றோ "மறுநாள் வேலை" என்றோ சாக்குத் தேட வேண்டாம். அண்ணனைப் பற்றி எனக்கு எழுதியதை அவரிடமும் சொல்லுங்கள், நல்ல தோழர் என்றால் அதன் பிறகு குழாயை உங்கள் பக்கம் நீட்ட மாட்டார். அதோடு, எப்போதாவது வாரக்கணக்கில் தூக்கம் போய், எல்லோரும் உங்களைப் பற்றியே பேசுவதாகத் தோன்றத் தொடங்கினால், கஞ்சா தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும், அண்ணனின் மருத்துவரையே போய்ப் பாருங்கள். சீக்கிரம் பார்த்தால் சீக்கிரம் அடங்கும் நோய் அது.

ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோழர் முதல் இழுப்பை இழுத்த நேரத்தை எழுதுங்கள். தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கட்டும், குழாய் உங்களிடம் இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் அவர், "டேய், எவ்வளவு நேரமாச்சு, ரெண்டு மணி நேரம் இருக்குமா?" என்று கேட்பார். தாளைப் பார்த்துச் சொல்லுங்கள்: "ஏழு பத்துக்கு இழுத்தே. இப்போ ஏழு இருபத்தஞ்சு." ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பார். மறுபடியும் சொல்லுங்கள்.